ஆறு முட்டைகளும் ஒரு மங்குத் தண்ணீரும்

டிரஸ்ஸர் தேவசகாயத்தின் ஆமை முட்டைகளைக் கொன்றது கேட் காவலர்கள் அல்லர். நான். மொத்தம் ஆறு முட்டைகள். ஆறையும் நான்தான் கொன்றேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! ஆமை முட்டைக்கு ஒரு வாக்குமூலமா என்று கேளுங்கள். அந்த ஆறு முட்டைகளை முன்னிட்டு ஒரு மனிதர் நாடு கடத்தப்பட்டார். இன்னொரு மனிதரின் கை முறிந்தது. இப்போது சிரியுங்கள் பார்க்கலாம்.

எனக்கு எண்பத்து நான்கு வயது. இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை, அவள் போய் ஒன்பது வருடமாகிறது. சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? "போனதை ஏன் கிளறுறீங்க" என்றிருப்பாள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்! அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை என்றுகூட நினைக்கிறேன்.

கெடாவில், கோலா கெத்திலுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதென்று தொழிலாளர் லயங்களையெல்லாம் பெயர்த்து ஒரே இடத்தில் குவித்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, எங்களை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒரே ஒரு வாசல். அதைக் கேட் என்போம். நாங்கள் என்ன குற்றம் செய்தோம்? பால் எடுக்கப் பால்மரம் வெட்டியது குற்றமா? விடியற்காலையில் வரிசையில் நின்று உடம்பைத் தடவக் கொடுக்க வேண்டும். பகல் சோற்றைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது! வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு, வாளியைச் சுமந்துகொண்டு தள்ளாடி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் இரத்தம் கொதிக்கிறது.

அந்தக் காலத்துச் சட்டங்களில் ஒன்று டின் சட்டம். கடையில் பால் டின்னோ மீன் டின்னோ வாங்கினால், கடைக்காரர் உங்கள் கண்ணெதிரே ஆணி வைத்து அடித்து ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்டது சீக்கிரம் கெட்டுவிடும். கெடுவதைக் காட்டுக்குக் கொடுத்துப் பயனில்லை. கோலா கெத்தில் கடைவீதியில் மளிகை வைத்திருந்த மரைக்காயர் ஒவ்வொரு தடவையும் ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு முணுமுணுப்பார்:

"நல்ல சாமானை நானே கெடுத்துத் தரணுமாம். என்ன யாவாரம் வாப்பா இது!"

நான் அந்தத் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. அப்போது இருபத்தெட்டு வயது. இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். எதையும் எண்ணுகிறவன். மரத்தை, ஆளை, ரப்பர் ஷீட்டை, வாளியை எண்ணுவது வேலை. படுத்துக்கொண்டு கூரைத் தகரத்தின் நெளிவுகளை எண்ணுவது புத்தி. எண்ணினால் எதுவும் கைமீறிப் போகாது என்று நம்பியிருந்தேன். என்ன மூடத்தனம்!

தேவசகாயம் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர். நாகர்கோவில் பக்கத்தில் பிறந்து, மீசை அரும்பும் வயதில் இங்கே வந்தவர். காய்ச்சலுக்கு மருந்து, பிரசவத்துக்குத் துணை, வெட்டுக் காயத்துக்குத் தையல், முறிந்த எலும்புக்குக் கட்டு, எல்லாம் அவர்தான். நாற்பது வயதைக் கடந்தும் மணம் செய்துகொள்ளவில்லை. அவரை நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஆஸ்பத்திரியும் என் அலுவலகமும் வேலிக்கு வெளியே இருந்தன. எங்கள் வீடுகள் வேலிக்கு உள்ளே.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் அவர் வளர்த்த குளத்து ஆமை ஒன்று. சொர்ணம் என்று பெயர் வைத்திருந்தார். கூப்பிட்டால் வரும் என்பார். எனக்கு வந்ததில்லை. கையில் கங்கோங் கீரை இருந்தால் யாருக்கும் வரும்.

அது வருடத்துக்கு ஒருமுறை தொட்டியோரத்து மணலில் முட்டையிடும். முதல் வருடம் அவர் அப்படியே விட்டார். வெயிலில் காய்ந்து உள்ளே மஞ்சள் கட்டியாகிப்போனது. இரண்டாம் வருடம் ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார், பூசணம் பிடித்தது. மூன்றாம் வருடம் கோழி புரட்டுவதுபோலத் தினமும் புரட்டிக் கொடுத்தார். பாதி உருவாகி நின்றுவிட்டன. ஒவ்வொரு முறையும் அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார். லயத்துப் பெண்கள் சும்மா விடுவார்களா? மருந்துக்கு வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

"டிரஸ்ஸரையா, நீங்களே மேல உக்காந்துட்டா சட்டுனு பொரிச்சிரும்ல?"

"நான் உக்காந்தா ஒடஞ்சிரும் தாயி. ஒன் புருசன அனுப்பு. அவன்தான் ஒல்லி, வேலையும் செய்யமாட்டான்."

நான்காம் வருடம் அவர் வழி கண்டுபிடித்தார். பெரிய சதுரப் பிஸ்கட் டின். பாதிவரை ஆற்று மணலும் தேங்காய் நாரும் கலந்த கலவை. அதைக் கைப்பிடியாக எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அதில் ஆறு முட்டைகளையும் பாதி புதைத்து, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி போட்டார். பிறகு இறுக்கமான மூடி. மூன்றாம் வாரம் ஆறு முட்டைகளின் நடுவிலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் பட்டை விழுந்தது. உயிர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். என்னை அலுவலகத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே சிவப்பு நூல்கள் ஓடின.

அப்போதுதான் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதப் பயிற்சிக்கு அவரைப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடுவார்கள். கெடாவின் வறண்ட மாதங்கள் அவை. ரப்பர் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும், காற்று உதட்டை வெடிக்க வைக்கும். முட்டைகளை யாராவது தினமும் பார்த்தாக வேண்டும். யாரிடம் கொடுப்பார்? தோட்டத்திலேயே நிதானமானவன், எதையும் தவறவிடாதவன், எண்ணிப் பார்ப்பவன்... என்னிடம்தான் கொடுத்தார்!

"தம்பி, மூடியத் தொறந்து அடிப்பக்கத்தப் பாரு. லேசா வேர்த்திருக்கணும். சொட்டக் கூடாது. சொட்டுச்சுன்னா கொஞ்ச நேரம் தொறந்து வையி. காஞ்சி கெடந்தா, டின் ஓரத்து மணல்ல மட்டும் ரெண்டு கரண்டி தண்ணி. முட்ட மேல ஒரு சொட்டு விழக் கூடாது. பொரட்டக் கூடாது. அவ்வளவுதான் லா."

"எத்தன டிகிரி, எவ்வளவு ஈரம்னு சொன்னீங்கன்னா எழுதிக்குவேன் அண்ணே."

"எழுதுறதுக்கு என்னடா இருக்கு? ஒன் நெத்தியத் தொட்டுப் பாரு. அந்த அளவுக்கு வேர்த்தாப் போதும்."

டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். அன்று காவலில் இருந்தவர்கள் யூசோப்பும் அவருடைய மச்சான் ரம்லியும். இருவரும் யான் என்ற ஊர்ப்பக்கம் நெல்வயல் கிராமத்தவர்கள். யூசோப் கெடுபிடிக்குப் பேர்போனவர். கையில் முழநீள இரும்புக் கம்பி எப்போதும் இருக்கும். சாக்கு, உர மூட்டை, சைக்கிள் கூடை எல்லாவற்றையும் குத்திப் பார்ப்பார். லயத்தில் பாதிப்பேர் அவரைச் சபிப்பார்கள்.

"கிராணி, டின்ல என்னா?" எங்கள் தமிழை அவர் நன்றாகவே பேசுவார்.

"ஆமை முட்டை. டிரஸ்ஸருடையது."

மூடியைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் ரம்லியும் எட்டிப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பியையே பார்த்தேன். அவர் அதைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு மூடியை மெதுவாக மூடினார்.

"சாப்பாடு கொண்டு போனாத்தான் தப்பு. இது சாப்பாடு இல்ல, புள்ள. போ போ."

நான் டின்னைக் கீழே வைக்க வேண்டாமென்று தடுப்புக் கட்டையைத் தானே தூக்கிப் பிடித்தார். இதை நன்றாக நினைவில் வையுங்கள். நானும் நினைவில் வைத்திருந்தேன். வைத்திருந்துதான் அதைச் செய்தேன்!

பத்து நாள் எல்லாம் சரியாக நடந்தது. காலையில் மூடியைத் திறப்பேன். அடிப்பக்கம் பனி படர்ந்ததுபோல வேர்த்திருக்கும். எனக்கும் மனம் நிறைந்துபோகும்.

பதினோராம் நாள் தோட்டத்துத் துரை ஓர் அறிவிப்பைத் தட்டச்சு செய்யச் சொன்னார். வேலிக்குள் எந்த வீட்டிலும் ஓட்டை போடாத டின் இருக்கக் கூடாதாம். வீடு வீடாகச் சோதனை வருமாம். அறிவிப்பைத் தட்டியவன் நான். விடியலில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் ஒட்டியவன் நான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த டின்னைத்தான் பார்த்தேன். என் வீட்டிலேயே ஒரு டின், மூடி இறுகிய டின்! கிராணி வீட்டில் பிடித்தார்கள் என்றால்? வேலை போகும். விசாரணை வரும். காட்டுக்காரர்களுக்கு உணவு சேர்த்தான் என்பார்கள்...

ஆணியும் சுத்தியலும் எடுத்தேன். முட்டைகள் இருந்த டின்னிலிருந்து மூடியைக் கழற்றி, வாசற்படியில் வைத்து, ஓட்டை போட்டேன். கடையில் இரண்டுதான் போடுவார்கள். இரண்டு போதாதென்று தோன்றியது. எட்டு போட்டேன். எட்டு! சட்டம் கேட்டதைவிட ஆறு அதிகம்! இவ்வளவு கீழ்ப்படிதலை யார் என்னிடம் கேட்டார்கள்?

சோதனைக்கு ஒருவரும் வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. இந்த ஆத்திரத்தை நான் யாரிடம் காட்டுவது? சொல்லுங்கள்.

மறுநாளே மூடி காய்ந்திருந்தது. இரண்டு கரண்டி தண்ணீர் விட்டேன். அடுத்த காலையில் மணல் மேலே பொருபொருவென்று கிடந்தது. நான்கு கரண்டி. மறுநாள் ஆறு. வறண்ட காற்று அந்த எட்டு ஓட்டைகளின் வழியே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். முட்டைகளின் ஒரு முனையில் காற்றுக் குமிழ் பெரிதாகிக்கொண்டு போனது.

ஓட்டைகளை அடைத்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்! ஒரு துண்டு ஒட்டுப்பால், காய்ந்து இறுகிய ரப்பர்ப்பால், போதும். ஒவ்வொரு மரத்துக் கோப்பையிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது; தோட்டத்துப் பிள்ளைகள் அதை உருட்டிப் பந்து செய்து விளையாடினார்கள். ஆயிரக்கணக்கான ரப்பர் மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு எட்டு ஆணி ஓட்டைகளை அடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடைத்தால் அது மறுபடி ஓட்டையில்லாத டின் ஆகிவிடுமே! அவ்வளவுதான் என் படிப்பு. அவ்வளவுதான் என் நிதானம்.

அந்த வாரக் கடைசியில் கணக்கு ஒப்படைக்கச் சுங்கைப் பட்டாணிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு இரவு அங்கே தங்க வேண்டும். இரண்டு நாள் கரண்டி விட ஆளில்லை. பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கலாம். வேறொருவர் தொட்டால் தப்பாகிவிடும் என்று நினைத்தேன். புறப்படும் அவசரத்தில், தண்ணீர்ப் பானையில் குடிக்கிற மங்குக் குவளையை விட்டு ஒரு மங்கு நிறைய மொண்டேன். மணல் குடித்துக்கொள்ளும், இரண்டு நாளுக்குக் கணக்காக இருக்கும் என்று... டின்னுக்குள் ஊற்றினேன். முட்டைகள் மேலேயே ஊற்றினேன்.

திரும்பி வந்து திறந்தேன். மணல் சேறாக இருந்தது. ஆறு முட்டைகளும் ஊதி, ஓடு நீளவாக்கில் வெடித்திருந்தன. நாற்றம். ஒன்றின் பிளவுக்குள் பார்த்தேன். கட்டைவிரல் நகமளவு ஓடு. நான்கு கால்கள். காலில் நகம்கூட இருந்தது. மூடிய கண்.

பப்பாளி மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். சேற்றைக் கொட்டினேன். டின்னைக் கழுவினேன். மூடியை மட்டும் எறியவில்லை. ஏன் தெரியுமா? அந்த ஓட்டைகள் எனக்கு வேண்டியிருந்தன! அப்போதே, மண்ணை மூடிக்கொண்டிருந்தபோதே, பொய் என் வாயில் உருண்டு திரண்டுவிட்டது. அவசரத்தில் வந்த பொய் என்று ஒருவரும் எனக்காக வாதாட வேண்டாம்.

பயிற்சி முடிந்து வந்தவர் துணிப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"என்ன தம்பி, புள்ளைங்க எப்படி இருக்காங்க?"

நான் மூடியை எடுத்துக் காட்டினேன்.

"காத்து ரொம்பக் காஞ்சி போயி இருந்துச்சு அண்ணே. ஒங்க தொட்டிக்குப் பக்கத்துல நெழல்ல வைக்கலாம்னு சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போனேன். கேட்ல கையெழுத்துப் போட உள்ளே போனேன். வந்து பாத்தா... குத்திட்டாங்க அண்ணே. எல்லாம் ஒடஞ்சி போச்சு."

"யாரு? யூசோப்பா?"

"நான் பாக்கல அண்ணே."

"வேற யாரு? கம்பியும் கையுமா நிக்கிறவன் அவன்தானே!"

யூசோப்பின் பெயரை நான் சொல்லவில்லை, பாருங்கள். அந்த ஒன்றைப் பல வருடங்கள் எனக்குள் பெருமையாகவே வைத்திருந்தேன். பெயர் சொல்லாதவன்! உத்தமன்!

ஆணி ஓட்டைக்கும் கம்பி ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? ஊசி போட்டே காலம் கழித்தவர். ஆனால் அவர் பார்க்கவில்லை. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். நடையா அது! நான் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, வேணாம் அண்ணே" என்றேன். உண்மையைச் சொல்ல எனக்கு இருநூறு கெஜ தூரம் இருந்தது. "வேணாம்" என்று மட்டும்தான் சொன்னேன்.

பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்பும் நேரம். கேட்டில் கூட்டம். அவர் யூசோப்பின் முகத்துக்கு நேரே மூடியை ஆட்டினார். ஏதேதோ கத்தினார். எதற்கென்று யூசோப்புக்குப் புரியவில்லை. கண் இமைப்பதற்குள் அந்தக் கம்பியைப் பிடுங்கி ஓங்கி அடித்தார். தலைக்கு வந்ததை யூசோப் கையால் தடுத்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ரம்லி துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். அந்த நாட்களில் காவலரை அடித்தவனைச் சுட்டால் ஏனென்று கேட்க நாதி இல்லை. அப்போது கத்தியது யார் தெரியுமா? அடிபட்ட யூசோப்!

"ஜாங்கான் தெம்பாக்! சுடாதே! சுடாதே!"

கம்பி கீழே விழுந்தது. தேவசகாயம் அந்தக் கையைப் பார்த்தார். வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அவருடைய முகம் அப்படியே மாறியது, தொழில் முகம்.

"ஆட்டாத... ஆட்டாதடா. தம்பி! ஆஸ்பத்திரிச் சாவி இந்தா. பலகை ரெண்டு, பஞ்சு, கட்டுத்துணி. ஓடு!"

ஓடினேன். கொண்டுவந்து கொடுத்தேன். கேட் தரையிலேயே உட்காரவைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே அழுதார்.

"பாவி... ஆறு உசுருடா. நாலு வருசம்டா. வலிக்குதா? வலிக்கட்டும். வெரல அசை... அசைச்சுக் காட்டு... சரி. கீழ தொங்க விடாத. கால் வச்சு, நகம் வச்சு வந்திருக்கும்டா இந்நேரம்..."

"புக்கான் சாயா, டிரெசர்." நான் இல்லை என்று அர்த்தம். வேர்வை வழிய யூசோப் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "சத்தியமா நான் இல்ல."

கட்டுத்துணியின் மறுமுனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை. இருவருக்கும் நடுவில் நான். ஒரு வார்த்தை போதும். "நான்தான்" என்ற ஒரே வார்த்தை! அந்தத் துணி ஒன்பது சுற்றுச் சுற்றி முடியும்வரை நேரம் இருந்தது. நான் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு போலீஸ் லாரி வந்தது. தேவசகாயத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

விசாரணையில் அதையே திருப்பிச் சொன்னேன். கையெழுத்துப் போட உள்ளே போனேன், வந்து பார்த்தேன், ஓட்டை, யாரென்று பார்க்கவில்லை. கிராணி பொய் சொல்வானா? என் இங்கிலீஷைக் கேட்டு அதிகாரி தலையாட்டினார். காவல் பணியில் இருந்தவரை இரும்பால் அடித்தது, அதுவும் அவசரகாலத்தில்! தேவசகாயம் இந்தியாவில் பிறந்தவர் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கப்பலில் ஏற்றி அனுப்ப உத்தரவு வந்தது. ஒரு மனிதன் பாதி ஆயுளை இந்த மண்ணில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்தே கழித்திருக்கிறான். அதற்கு ஒரு கணக்கும் இல்லையா? இல்லை! ஆத்திரத்தில் ஓங்கிய ஒரு கைக்கு மட்டும்தான் கணக்கு. அந்தச் சட்டத்தை இன்றும் சபிக்கிறேன். சபித்துக்கொண்டே, அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான் என்பதையும் அறிவேன்.

யூசோப்பையும் வைத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ஊழியரின் பொருளை நாசம் செய்து சச்சரவுக்கு இடம் கொடுத்த காவலர்கள் என்று அவரையும் ரம்லியையும் நீக்கினார்கள். முறிந்த கையோடு யானுக்கு பஸ் ஏறினார்.

சுங்கைப் பட்டாணி லாக்கப்பில் தேவசகாயத்தைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். சவரம் செய்யாத முகம்.

"தம்பி, வெசாரணைல உள்ளத உள்ளபடி சொன்னவன் நீ ஒருத்தன்தான். பாக்கலன்னா பாக்கலன்னு சொன்ன பாரு, அதுதான்டா மனுசன். நான் பெருசா நெனச்சிருக்கேன்."

நான் என்ன செய்தேன்? தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"சொர்ணத்தப் பாத்துக்க. அடுத்த வருசமும் முட்ட வைக்கும். ஒனக்குத்தான் மொறை தெரியுமே."

அடுத்த வருடம் முட்டையிட்டது. ஐந்து. வேறொரு டின், ஓட்டை இல்லாத டின். சட்டம் அப்போதும் இருந்தது, சோதனை அப்போதும் வரும் என்றார்கள். வந்தால் வரட்டும் என்று வைத்தேன். மணலைப் பிடித்துப் பார்த்தேன்; மூடியின் வேர்வையைப் பார்த்தேன்; ஓரத்தில் மட்டும் கரண்டி. மூன்று மாதம் கழித்து நான்கு குஞ்சுகள் முட்டையோட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. லயமே திரண்டு வந்து பார்த்தது. "கிராணியார் கைராசி!" என்றார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும்போல இருந்தது. ஒரு டின்னை மூடி வைக்கும் தைரியம், ஒரே ஒரு வருடம் முன்னால் எங்கே போயிருந்தது?

ஊரிலிருந்து தேவசகாயத்தைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை.

வேலை ஓய்வுக்குப் பிறகு யானுக்கு மூன்று முறை போனேன். யூசோப்பிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான். முதலிரண்டு முறையும் பஸ் நிலையத்திலேயே நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். மூன்றாம் முறை விசாரித்துக்கொண்டு போனேன். வயலோரத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். நரைத்துப்போயிருந்தார். என்னை அடையாளம் கண்டு அவர்தான் முதலில் எழுந்தார்.

"கிராணி! இன்னும் சாகலையா நீ?"

பக்கத்தில் உட்காரவைத்தார். சட்டைக் கையைச் சுருட்டி, கையை நீட்டி மடக்கிக் காட்டினார்.

"பாரு. நேரா இருக்கு. டிரெசர் கட்டு நல்ல கட்டு. கோவக்காரன், ஆனா கட்டு நல்ல கட்டு."

காப்பி வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"உன்ன ஒண்ணு கேக்கணும். நான் அந்த டின்ன குத்தல. நீ சொன்ன அன்னிக்கு நான் உள்ள கையெழுத்துப் புக்கோட இருந்தேன், வெளிய உன் சைக்கிள்கிட்ட நின்னது ரம்லி மட்டுந்தான். நான் அவன்கிட்ட கேட்டேன். இல்ல இல்லன்னு குர்ஆன் மேல சத்தியம் பண்ணான். நான் நம்பல. அதோட பேசல. என் பொஞ்சாதி கூடப் பொறந்தவன்... பக்கத்து வீடு. செத்துப்போற வரைக்கும் பேசல. போன வருசம் போயிட்டான். மண்ணு போடக்கூட நான் போகல. நெஜமா சொல்லு கிராணி. அது ரம்லிதானே?"

அவருடைய கண் என் முகத்திலேயே இருந்தது. இல்லை என்று சொன்னால் அந்த மனிதர் என்ன ஆவார்? அதை யோசித்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். நீங்களும் அப்படி நினைக்க ஆசைப்படுவீர்கள். இரக்கம் என்று சொல்லிவிடாதீர்கள்! எனக்குப் பயம். எண்பதை நெருங்கியும் அதே பயம். ஆணியைத் தேடி எடுத்த அன்றைக்கு இருந்த அதே பயம்.

தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

யூசோப் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நல்லது. அப்போ நான் அவனுக்கு அநியாயம் பண்ணல."

அவருடைய முகம் தெளிந்துபோனது. எனக்கு இன்னொரு காப்பி சொன்னார். குடித்தேன்.

யூசோப் இப்போதும் இருக்கிறார், கேள்விப்படுகிறேன். யானுக்கு பஸ்ஸும் தினமும் போகிறது. நான் இங்கே மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.